சௌதாக்காவின் பாம்புப் பெட்டி

பூட்டு என்றால் சௌதாக்காவுக்கு உயிர். சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு, மோட்டார் ரூமுக்குப் பூட்டு, கடையில் வளையல் அடுக்கிய கண்ணாடி அலமாரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூட்டு. கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் அவருடைய ஃபேன்சி ஸ்டோரும் என் தையல் கடையும் ஒட்டியபடி இருக்கின்றன. ஒரே கூரை, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, பின்னால் அவர் வீடு. சாயங்காலம் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் நடப்பார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி நடப்பார், மறுபடி வருவார்.

"ஏனுங்க்கா, பூட்டு என்ன எந்திரிச்சு ஓடியா போயிருமுங்க?" என்று கேட்டால், "உனக்கென்னடி தெரியும் யோகு, நீ உன் ஊசியப் பாரு" என்பார். மூன்றாம் தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் அவருக்கு மனசு அடங்கும்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் பாம்பு வந்தது முன்வாசல் வழியாக, காலேஜ் பைக்குள் உட்கார்ந்துகொண்டு. கொண்டுவந்தது அவருடைய ஒரே மகன் இக்பால்.

சௌதாக்கா பிறந்தது புதுநகரத்தில், மீன் மொத்த வியாபாரம் செய்த ராவுத்தர் குடும்பத்தில். கட்டிக்கொடுத்தது இங்கே. கணவர் முஸ்தபா அண்ணன் ஒரு நோன்பு மாதத்தில், கல்லாவில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். இக்பால் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். விதவை வெளியே வராமல் இருக்கிற இத்தா காலம் முடிந்த மறுநாளே சௌதாக்கா ஷட்டரைத் தூக்கினார். ஊர் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பூட்டுப் பைத்தியம் அப்போதுதான் பிடித்தது என்று நினைக்கிறேன். ஒன்றைப் பறிகொடுத்தவர், மிச்சம் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இக்பால் கோயமுத்தூரில் படிக்கும்போது அந்தப் பாம்பை வாங்கினான். பால் பைத்தான் என்று பெயராம். ஆப்பிரிக்கா சமாச்சாரம். விஷம் கிடையாது, பயந்தால் பேருக்கு ஏற்ற மாதிரி பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். கறுப்பும் காவியும் கலந்த உடம்பு, என் மணிக்கட்டுத் தடிமன். சுருண்டு கிடக்கிற அழகைப் பார்த்து ஜிலேபி என்று பெயர் வைத்திருந்தான். முறைப்படி அரசாங்கத்தில் பதிவெல்லாம் செய்திருக்கிறது என்று என்னிடம் காகிதத்தைக் காட்டினான். காகிதம் இருந்தால் பாம்பு பாம்பில்லாமல் போய்விடுமா? நான் மீனாட்சிபுரத்துக்காரி. புற்றுக்குப் பால் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிற வம்சம் எங்களுடையது.

ஷார்ஜாவில் வேலை கிடைத்து அவன் கிளம்பியபோது பாம்பு இங்கே தங்கிவிட்டது. "ஆறு மாசம்மா, வந்து ஒரு ஏற்பாடு பண்றேன்" என்றான். எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற ஆறு மாசம்தான் அது.

மகன் போன அன்று சௌதாக்கா பாம்புப் பெட்டிக்கு முன்னால் தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர்கள் வழக்கத்தில், வீட்டுக்குள் பாம்பைக் கண்டால் உடனே அடித்துவிட மாட்டார்கள். அது ஜின்னாக இருந்தாலும் இருக்கும் என்பது அவர் அம்மா சொல்லிக்கொடுத்தது. மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போயிரு, எங்களை நோவினை செய்யாதே என்று. அதற்கும் போகாவிட்டால் அது வெறும் பாம்பு. சௌதாக்கா மூன்று நாள், நாளுக்கு ஒரு முறை, சலாம் சொல்லி அதைக் கேட்டுக்கொண்டார். ஜிலேபி அசையவில்லை. "சொல்லியாச்சு. போகல. அப்ப இது வெறும் பாம்புதான்" என்று எழுந்துபோய் அதற்குத் தண்ணீர் வைத்தார். அவர் நியாயம் அப்படி.

அதற்கப்புறம் பெட்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கடைக்கு அலமாரி செய்கிறவரையே கூப்பிட்டு, பின்னறையில் தரையோடு தரையாகப் புதுப் பெட்டி செய்யவைத்தார். பலகை உடம்பு, முன்புறம் நகர்கிற இரண்டு கண்ணாடி, நடுவில் வளையல் அலமாரிக்குப் போடுகிற அதே பல்லுப்பல்லான கம்பிப் பூட்டு. இக்பால் போனில் பாடம் நடத்துவான். "தலை நுழைஞ்சா உடம்பு நுழைஞ்சிரும்மா. மூக்கால தள்ளித் தள்ளிப் பார்க்கும். அதுக்கு வேற வேலையே கிடையாது." அவர் கண்ணாடிகள் சேரும் சந்தில் ரப்பர் பட்டை ஒட்டினார். காற்றுத் துளைகளுக்கு இரட்டை வலை அடித்தார். மேல் மூடிக்கு நாலு மூலையிலும் கொண்டி. பாம்பு ஒளிந்துகொள்ள, விளிம்பு உடைந்த மீன்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். அதன் சாப்பாடு கோயமுத்தூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். அதைச் சொன்னால் உங்களுக்குச் சோறு இறங்காது, விட்டுவிடுகிறேன். அதற்கென்று தனியாக ஒரு சின்ன ஃபிரிட்ஜ் உண்டு, அதற்கும் பூட்டு உண்டு.

தினமும் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை முடிந்ததும் இக்பால் வீடியோவில் வருவான். "ஜிலேபியக் காட்டும்மா" என்பதுதான் முதல் பேச்சு. சௌதாக்கா போனை ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்து, பெட்டியைத் திறந்து, மெல்லச் சலாம் சொல்லி, பாம்பைக் கையில் எடுத்துக் காட்டுவார். அவன் அதன் தோல், கண், கனம் எல்லாம் விசாரிப்பான். கடைசியில், "நீ சாப்பிட்டியா?" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மனுஷி பாம்பைக் கையில் தூக்கக் கற்றுக்கொண்டார்.

ஒரு நாள் நான் பொறுக்காமல், "உங்க மகன் பாம்பத்தானுங்க பாக்க வர்றான்" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் யோகு" என்றார். "பாம்பு இருக்கிற வரைக்கும் வருவான்ல?"

பெட்டியை அவர் ஏன் அந்தப் பாடு படுத்தினார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

போன மார்கழியில் காற்று பிடித்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பகல் முழுக்கப் பனைமட்டைகள் சடசடக்கும், கதவு தானாகத் திறக்கும், கூரைத் தகரம் யாரோ மேலே நடக்கிற மாதிரி முறுகும். குளிரும் சேர்ந்துகொண்டது. பாம்புக்குச் சூடு கொடுக்கப் பெட்டிக்குள் ஒரு மின்சார விரிப்பு உண்டு. அது கெட்டுப்போக, எலக்ட்ரீஷியன் பொன்ராஜ் வந்து புதிதாக மாட்டிக் கொடுத்தான். அவன் வேலை முடிக்கும்வரை சௌதாக்கா பாம்பைத் துணிப்பையில் போட்டு, முன்னறையில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொன்ராஜ் பாம்பு இருக்கிற வீடென்று அவசர அவசரமாக முடித்து, பெட்டியைச் சுவரோடு தள்ளிவிட்டு ஓடியே போனான்.

அந்த வாரம் இக்பால், இந்த வருஷமும் லீவு இல்லை என்று சொன்னான். சொல்லிவிட்டு உடனே, "ஜிலேபி சட்டை உரிக்கப் போற மாதிரி இருக்கு, தண்ணிய மாத்தி வை" என்றான். சௌதாக்கா போனை வைத்துவிட்டுப் பெட்டி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அளவு ஜாக்கெட் வாங்கப் போயிருந்தேன், என் காதால் கேட்டேன்.

"நீ போயிரு" என்று பாம்பிடம் சொன்னார். "உன்னால எனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. போயிரு."

மறுநாளும் சொன்னார். அதற்கு மறுநாளும் சொன்னார். கோபத்தில் சொன்னதுதான், கணக்கு வைத்துச் சொல்லவில்லை. ஆனால் கணக்கு தானாகச் சேர்ந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் பெட்டி காலி.

சௌதாக்கா என்னைக் கூப்பிட்ட குரல் அவர் குரலாகவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி அவர் கழுத்துச் சங்கிலியில் இருந்தது. கொண்டிகள் நாலும் அப்படியே. ரப்பர் பட்டை அப்படியே. மீன்சட்டியைப் புரட்டினோம், கீழே பாம்பு கிடந்த வட்டம் மட்டும் மரத்தூளில் பதிந்திருந்தது.

"மூணு தடவ சொன்னேன்டி" என்றார் சௌதாக்கா. உதடு வெளுத்திருந்தது. "பூட்டின கண்ணாடிக்குள்ள இருந்து போயிருச்சு. அப்ப அது வெறும் பாம்பில்ல. இத்தன நாளா நான் எதக் கையில தூக்கினேன்?"

எனக்கும் பயம்தான், பொய் எதற்கு?

கட்டில், பீரோ, அரிசி டிரம், குளியலறை எல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. அன்று மாலை போன் வந்தது. சௌதாக்கா பூட்டிய கண்ணாடிக்கு வெளியிலிருந்தே சட்டியைக் காட்டி, "உள்ள தூங்குதுப்பா" என்றார். மறுநாளும் தூங்கியது. அப்புறமும் தூங்கியது. பாம்பு போய்விட்டது என்று சொன்னால் நாளையிலிருந்து மணி அடிக்காது என்பது அவர் பயம். ஆனால் காலியான சட்டியைக் காட்டிக்கொண்டு, "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று அவர் சிரித்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. வளையல் கடை பூட்டியிருக்கும். சௌதாக்கா வீட்டில் இருப்பார். நான் என் கடையில் தைத்துக்கொண்டிருப்பேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பரண்மேல் கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி வளையல் சரங்கள் மெல்லக் கிணுகிணுக்கும். ஒரு சரம், பிறகு பக்கத்துச் சரம், பிறகு அடுத்தது. யாரோ கையால் தடவிக்கொண்டே போகிற மாதிரி. காற்று என்று சொல்லிக்கொண்டேன். ஷட்டர் இறக்கிய கடைக்குள் காற்று எப்படிப் போகும் என்று நினைக்கிற இடத்தில் நினைப்பை நிறுத்திவிட்டு மெஷினை வேகமாக மிதித்தேன்.

பிறகு ஒரு காலையில் சௌதாக்கா சிரித்துக்கொண்டே ஓடிவந்தார். எத்தனையோ வருஷமாக அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"யோகு, வந்திருச்சுடி! தானா வந்திருச்சு! சட்டிக்குள்ள கிடக்கு!"

போய்ப் பார்த்தேன். பெட்டி பூட்டியபடிதான் இருந்தது. சட்டியின் உடைந்த வாய் வழியாக, உள்ளே இருட்டில் ஒரு சுருள் தெரிந்தது. காவி நிறம், கறுப்பு வட்டங்கள். அதே தடிமன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பூட்டிய பெட்டியிலிருந்து போவது ஒரு விதம். பூட்டிய பெட்டிக்குள் திரும்பி வருவது வேறு.

"அதேதானுங்களா?" என்றேன்.

"வேற எது வரும்? கோபத்துல சொன்னேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். அன்று முழுக்கக் கடையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலே பொட்டு அட்டை இலவசம்.

மாலையில் என்னையும் துணைக்கு இருக்கச் சொன்னார். போன் வந்தது. ஸ்டூலில் சாய்த்து வைத்தார். எடுத்ததும் இக்பால், "இன்னிக்கும் தூங்குதுன்னு சொல்லாதம்மா, கையில எடுத்துக் காட்டு. எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றான்.

"எடுக்கறேன்டா, அதுக்குத்தானே உட்கார்ந்திருக்கேன்" என்றார் சௌதாக்கா. குரலில் அத்தனை குஷி. பூட்டைத் திறந்து கண்ணாடியை நகர்த்தினார். இடது கையைச் சட்டியின் மேல் வைத்தார். வழக்கம்போலத் தலையைக் குனிந்து, மெல்லிய குரலில் சலாம் சொன்னார்.

பதில் வந்தது.

குக்கரில் ஆவி கிளம்புகிற சத்தம். நீளமாக, அடங்காமல், மேலும் மேலும் ஏறுகிற சத்தம். அடுப்பில் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு கணம் சமையலறைப் பக்கம் திரும்பினேன். ஜிலேபி இத்தனை வருஷத்தில் வாய் திறந்து ஒரு சத்தம் போட்டதில்லை. சௌதாக்காவின் கை சட்டிமேல் அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் பயம்கூட இல்லை, என்ன சொல்கிறது என்று காதுகொடுத்துக் கேட்கிற முகம். அதுதான் எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிறது.

"அம்மா! கைய எடு! அது ஜிலேபி இல்ல! அணலி, அம்மா, அணலி! கைய எடு!"

போனுக்குள் இக்பால் அலறினான். கண்ணாடி விரியனை இங்கே அணலி என்பார்கள். நான் சௌதாக்காவின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவர் மேல் நானும் சேர்ந்து விழுந்தேன். விழுந்த வேகத்தில் என் கால் பட்டுக் கண்ணாடி நகர்ந்து மூடியது. மறு நொடி உள்ளேயிருந்து ஒரு அடி. தட் என்று ஒரே அடி.

எழுந்து பார்த்தபோது, கண்ணாடியின் உட்புறத்தில் இரண்டு ஈரத் துளிகள் வழிந்துகொண்டிருந்தன.

வனத்துறையில் பயிற்சி எடுத்த தங்கதுரைக்குப் போன் போட்டோம். அவர் கொக்கியும் பையுமாக வந்து அதைப் பிடித்துக் கட்டினார். "கொல்லாதீங்க, காட்டுல விட்டுருங்க" என்று சௌதாக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தங்கதுரை பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தார். பின்பலகையில், டம்ளர் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. பக்கத்தில் தரையில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். பொன்ராஜ் செய்த கைவேலை. ஒயரை வெட்டி ஒட்டச் சோம்பல்பட்டு, பிளக்கோடு நுழைக்க ஓட்டையைப் பெரிதாக்கி, ஸ்பாஞ்சை அடைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஜிலேபி அதை மூக்கால் தள்ளிவிட்டு வெளியே போயிருக்கிறது. குளிருக்குச் சூடு தேடி, பின்பக்கத்து ஜலதாரை வழியாக வந்த இந்த அணலி உள்ளே போயிருக்கிறது. மறுநாள் பொன்ராஜைக் கடைவீதியில் வைத்துப் பிடித்தேன். "பிளக் போகலீங்க, அதானுங்க" என்றான். அவனை நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

முன்னால் அத்தனை பூட்டு. பின்னால் யாரும் பார்க்கவில்லை. இப்படி விளங்கிவிட்டால் பயம் போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. ஓட்டையைப் பலகை அடித்து மூடிய பிறகும் சௌதாக்கா அந்த அறைக்குள் போகவில்லை.

அணலி பிடிபட்ட அன்றே போனில் இக்பாலிடம், "பாம்பு போயிருச்சு. உன்கிட்டப் பொய் சொன்னேன். இனிக் காட்டறதுக்கு இங்க ஒண்ணுமில்ல, நீ கூப்பிட வேண்டியதில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். அவன் மறுநாள் கூப்பிட்டான், எடுக்கவில்லை. அதற்கப்புறமும் மணி அடித்தது. அடித்து ஓயும்வரை போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எடுங்க்கா, பாவம்."

"பயத்துல கூப்பிடறான். நாலு நாள்ல விட்டுருவான்" என்பார்.

இன்னொரு வழக்கமும் வந்தது. யார் கதவைத் தட்டினாலும் திறக்காமல், உள்ளிருந்தபடி மூன்று முறை யாரென்று கேட்பார். பால்காரர், கேஸ் சிலிண்டர்காரர், நான், எல்லாருக்கும் அதே கதிதான். "நான்தானுங்க யோகு" என்று மூன்று தரம் சொன்னால்தான் தாழ்ப்பாள் விலகும். கேட்டால், "போனது திரும்பி வந்தா அதுதானான்னு பார்க்கணும்டி. நான் பார்க்காம கைய வெச்சேன்ல" என்றார்.

அடுத்த வாரம் சரக்கு எடுக்க அவரோடு பரண் ஏறினேன். வளையல் பெட்டிகளுக்கு நடுவே, சரங்களுக்குக் கீழே, முழுசாக ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. தொட்டால் இன்னும் ஈரப்பதம். நான் கத்தியதில் தெருவே திரும்பியது. போட்டோ எடுத்து இக்பாலுக்கு அனுப்பினேன். உடனே பதில்: இது ஜிலேபியோடதுதான், அங்கயே இருக்கு. அப்படியென்றால் அத்தனை நாளும் என் தலைக்கு மேலே வளையலைத் தடவிக்கொண்டு போனது காற்று இல்லை. அன்றிலிருந்து நான் கடையில் தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் தைக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

சௌதாக்கா பரணை நிமிர்ந்து பார்த்து, "போன்னு சொல்லியும் போகல பாரு" என்றார். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. கடைகள் சாத்தியிருந்தன. காற்று சுத்தமாக நின்றிருந்தது, ஒரு பனைமட்டைகூட அசையவில்லை. நான் ஒரு கல்யாண ஜாக்கெட்டை முடிக்க வந்திருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. இக்பால் பெட்டியும் கையுமாக இறங்கினான். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுச் சந்து வழியாகப் போய் வீட்டுக் கதவைத் தட்டினான். நான் பின்னாலேயே போனேன்.

"யாரு?" உள்ளிருந்து குரல்.

"நான்தாம்மா. இக்பால்."

சௌதாக்கா கதவுக்கு மிக அருகில் வந்தார். எல்லாரிடமும் போல மறுபடி யாரென்று கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"எதுக்கு வந்தே?"

அவன் தடுமாறினான். "ஜிலேபியத் தேடிப் பிடிக்கணும்ல, அதான்" என்று அசட்டுச் சிரிப்போடு சொன்னான்.

தாழ்ப்பாள் அசையவில்லை.

"எதுக்கு வந்தே?"

"என் ஊட்டுக்கு நான் வரக்கூடாதாம்மா?"

அப்போதுதான் பூட்டிய கடைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஒரு சரம் கிணுகிணுத்தது. பிறகு பக்கத்துச் சரம். பிறகு அடுத்தது. காற்றே இல்லாத பகல் அது. அவன் தோளைத் தட்டி, அங்கேதான், பரணில்தான் என்று விரலால் காட்டினேன். அவனுக்கும் கேட்டது, அவன் கழுத்து நரம்பு துடித்ததைப் பார்த்தேன். உள்ளே சௌதாக்காவுக்கும் கேட்டிருக்கும். ஆனால் இக்பால் தலையைத் திருப்பவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எதுக்கு வந்தே?" மூன்றாம் முறை அந்தக் குரல் நடுங்கியது.

இக்பால் நெற்றியைக் கதவில் வைத்தான். "அன்னிக்கு போன்ல உன் கையத்தாம்மா பார்த்தேன். அந்தச் சட்டி மேல வெச்ச கை. எனக்காகத்தானே அங்க வெச்சே? அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் இல்ல. உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

வளையல் சத்தம் நின்றிருந்தது. உள்ளே தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விலகின.